வாடகைக் கடையின் வாரிசு: மங்கா அருங்காட்சியகம் உருவான கதை

வல்லக்கோட்டை முருகன் கோயிலைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஜப்பானியச் சொற்கள் புதியவை அல்ல. ஒரகடத்தில் கொமாட்சு ஆலை, 2010-ல் திறக்கப்பட்ட ரெனோ-நிசான் ஆலை, வல்லம் வடகாலில் யமஹா. ஷிப்டு முடிந்து பேருந்துக்கு நிற்கும் இளைஞர் ‘கைசன்’ என்றும் ‘போகா-யோகே’ என்றும் சரளமாகச் சொல்கிறார். ‘மங்கா’ என்று சொல்லிப் பாருங்கள். உப்பும் மிளகாய்த்தூளும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயர்கொண்ட படக்கதைகளுக்கு ஜப்பானில் அருங்காட்சியகங்கள் எழுந்த வரலாற்றையும், அவை உண்மையில் எதைக் காக்கின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கம் ஓர் ஓவியரின் வீடு. கேலிச்சித்திரக்காரர் கிடஸாவா ரகுட்டென் வாழ்ந்த இடத்தில், இன்றைய சைத்தாமா நகரில், 1966-ல் ஒரு நகராட்சி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பெரிய கலைஞருக்கு நினைவில்லம் எழுப்புவது நமக்கும் பழக்கமானதுதான். ஒசாமு தெசுகாவுக்கு தகராசுகாவில் 1994-ல் அமைந்ததும் இந்த வகையே.

இரண்டாவது மரபு இதைவிடச் சுவையானது. போருக்குப் பிந்தைய ஜப்பானில் புத்தகத்தை விலைகொடுத்து வாங்க முடியாதவர்கள் ‘காஷிஹோன்யா’ எனப்படும் வாடகைக் கடைகளில் சில யென் கொடுத்து இரவல் வாங்கிப் படித்தார்கள். இந்தக் கடைகளுக்கென்றே தனிப் பதிப்பாளர்கள் இருந்தார்கள். அவர்களுடைய புத்தகங்கள் பெரும்பாலும் சாதாரணப் புத்தகக் கடைக்கே வந்ததில்லை. குழந்தைகளுக்கான வேடிக்கை என்ற வட்டத்தைத் தாண்டிய இருண்ட, வளர்ந்தோருக்கான கதைகள் இங்கேதான் முளைத்தன. யோஷிஹிரோ தட்சுமி அவற்றுக்கு 1957-ல் ‘கெகிகா’ என்று பெயரிட்டார். 1959-ல் ‘ஷோனென் மேகஸின்’, ‘ஷோனென் சண்டே’ என்ற வார இதழ்கள் வந்தன. மக்கள் கையில் காசும் புழங்கத் தொடங்கியது. வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. கடையோடு சரக்கும் போனது; நூலகங்கள் அதைப் புத்தகமாகவே மதிக்கவில்லை.

மதித்தவர் தோஷியோ நைக்கி. பள்ளிப் பருவத்திலேயே வாடகைப் புத்தகக் கடை நடத்தியவர். 1978-ல் டோக்கியோவின் வாசெடா பகுதியில் ‘தற்கால மங்கா நூலகம்’ என்ற பெயரில் தன் சேகரிப்பைப் பொதுமக்களுக்குத் திறந்தார். 2009-ல் அதை மெய்ஜி பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே ஒரு தனிமனிதர் செய்த வேலை இது.

இரண்டு மரபும் கியோட்டோவில் சந்தித்தன. 1869-ல் அப்பகுதி மக்களின் முயற்சியால் தொடங்கிய தட்சுயிகே தொடக்கப்பள்ளி, பிள்ளைகள் குறைந்ததால் 1995-ல் மூடப்பட்டது. கட்டடம் நகராட்சியுடையது, நடத்தும் பொறுப்பை கியோட்டோ செய்கா பல்கலைக்கழகம் ஏற்றது. 2006 நவம்பர் 25 அன்று கியோட்டோ சர்வதேச மங்கா அருங்காட்சியகம் பிறந்தது. மொத்தம் ஏறத்தாழ 3 லட்சம் பொருட்கள். அவற்றில் 50,000 நூல்கள் 200 மீட்டர் நீள அலமாரிச் சுவரில் யாரும் எடுத்துப் படிக்கும்படி நிற்கின்றன. கணிசமானவை டோக்கியோவில் மூடப்பட்ட ஒரு வாடகைக் கடையின் நன்கொடை. பழைய விளையாட்டுத் திடலின் புல்வெளியில் படுத்துக்கொண்டு படிக்கிறார்கள். மீதியெல்லாம் ஆய்வாளர்களுக்கான காப்பறையில்.

கண்ணாடிப் பெட்டி இல்லாத இடத்தை அருங்காட்சியகம் என்று அழைக்கலாமா? இந்தக் கேள்வி 2009-ல் அரசியலாகவே வெடித்தது. பிரதமர் தாரோ ஆசோவின் அரசு 1,170 கோடி யென் செலவில் டோக்கியோவில் தேசிய ஊடகக் கலை மையம் அமைக்க முன்வந்தபோது, எதிர்க்கட்சியினர் அதை ‘அரசாங்க மங்கா கஃபே’ என்று எள்ளினர். ஆட்சி மாறியது, திட்டமும் கைவிடப்பட்டது. கேலி அநியாயமானது என்பேன்; வாசிப்பை மட்டம்தட்டிவிட்டு மங்காவைக் காக்க முடியாது.

வாசகர் பக்கமே நின்றுவிடுவதும் போதாது. அகிட்டா மாவட்டத்தின் யோகொத்தே மசுதா மங்கா அருங்காட்சியகம் 2019-ல் ஓவியர்களின் மூலப் படிகளைக் காக்கும் இடமாகப் புதுப்பிக்கப்பட்டது. அச்சான இதழ் ஒன்று தொலைந்தால் இன்னொன்று எங்காவது கிடைக்கும். மைக்கோடும் வெள்ளைத் திருத்தமும் படிந்த மூலத்தாள் ஒன்றே ஒன்று. அதே ஆண்டு அக்டோபரில் ஹகிபிஸ் புயல் கவாசாகி நகர அருங்காட்சியகத்தின் அடித்தளக் கிடங்கை மூழ்கடித்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் நனைந்தன. மங்கா சேகரிப்பும் தப்பவில்லை. டிசம்பர் 2015 வெள்ளத்தைப் பார்த்த காஞ்சிபுரம் மாவட்டத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் கதையும் ஏறக்குறைய இதே தடத்தில்தான் போகிறது, பாதி வழிவரை. சிவகாசியிலிருந்து 1972-ல் ‘முத்து காமிக்ஸ்’ பிரிட்டிஷ் நாயகன் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்தது. 1984-ல் ‘லயன் காமிக்ஸ்’, அதே ஆண்டு ‘ராணி காமிக்ஸ்’. இவை ஊர் ஊராகப் பரவ லெண்டிங் லைப்ரரிகள் பெருந்துணை. நைக்கிக்கு நிகரான மனிதரும் நமக்கு உண்டு: விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா. 1992-ல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருட்களை விட்டுச் சென்றார். சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. 1994-ல் சென்னையில் ஆய்வு நூலகம் உருவானது. நைக்கியின் சேகரிப்பைப் போலவே இதுவும் பல்கலைக்கழகத்தின் துணையால் தப்பியது. ஆனால் தமிழ்ச் சித்திரக்கதைக்கென்று தட்சுயிகே போல ஒரு பழைய பள்ளிக்கூடம் இன்னும் வாய்க்கவில்லை.

வாய்த்தால் முதல் அலமாரிக்குரிய பொருள் கியோட்டோவிலும் இல்லாதது. கல்கியிலும் விகடனிலும் வந்த தொடர்கதைகளை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, வாசகர்களும் வாடகை நூலகத்தாரும் தைத்துக்கொண்ட பைண்டிங் தொகுப்புகள். மணியம், கோபுலு படங்களுக்காகவே பலர் கிழித்தார்கள். பின்பக்கத்தில் வேறொரு கதையின் பாதி, ஒரு சோப்பு விளம்பரம், முடிவு கத்தரிபட்ட ஒரு ஜோக். அட்டையில் மையால் எழுதிய தலைப்பு. இதற்கு நூலகர் பட்டியல் அட்டை எழுத உட்கார்ந்தால் ஆசிரியர் பெயர் தெரியும், ஓவியர் பெயர் தெரியும். ‘பதிப்பாளர்’ என்ற கட்டத்தில் ஊசியும் நூலும் பிடித்த அந்த வீட்டுக்காரரின் பெயரைத்தான் எழுத வேண்டியிருக்கும்.