பெயரில் மட்டும் இந்தியா

பொங்கலுக்கு வந்த மருமகன் பெங்களூரிலிருந்து இரண்டு பீர் டின்கள் வாங்கி வந்திருந்தார். "மாமா, நீங்கதான் பழைய சரித்திரமெல்லாம் எழுதறீங்களே, இதுல நம்ம நாட்டுப் பேரு இருக்கு பாருங்க" என்று ஒன்றை என் கையில் கொடுத்தார். டின்னில் 'இந்தியா பேல் ஏல்' என்று போட்டிருந்தது. சுருக்கமாக ஐ.பி.ஏ. என்பார்களாம். அரை லிட்டர், ஆல்கஹால் 7 சதவீதம். பெரிய கம்பெனிச் சரக்கு அல்ல, சிறிய ஆலையில் கொஞ்சமாகக் காய்ச்சுவது.

மதுவைப் பற்றி நான் இதுவரை இங்கே எழுதியதில்லை. அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வருடத்தில் இரண்டு மூன்று முறை, அதுவும் ஒரு கிளாஸ், அதோடு சரி. அன்றும் ஒரு கிளாஸ்தான் ஊற்றிக்கொண்டேன்.

நிறம் நல்ல தேன் நிறம், லேசாகக் கலங்கல். நுரை வெள்ளையாக நின்றது. முகர்ந்து பார்த்தால் பம்பளிமாஸ் பழத்தின் தோலைக் கிள்ளினாற்போல் ஒரு வாசனை. முதல் வாய் குடித்ததும் முகம் சுளித்துவிட்டது. நம் ஊர் பீரில் இருக்கும் கசப்பு இதன் பக்கத்தில் நிற்காது. "எப்படி இருக்கு?" என்றாள் மனைவி. "நார்த்தங்காய்த் தோலை வேப்பம்பூ ரசத்தில் ஊறப்போட்டது மாதிரி இருக்கு" என்றேன். "இதுக்குக் காசு வேறயா!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆனால் இரண்டாவது, மூன்றாவது வாயில் அந்தக் கசப்பு பழகிவிட்டது. அடியில் ஒரு மெல்லிய இனிப்பும் தெரிந்தது.

இவ்வளவு கசப்பான ஒன்றுக்கு இந்தியாவின் பெயர் ஏன்? அன்று தொடங்கிய தேடலில் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

பொதுவாகச் சொல்லப்படும் கதை இது. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் வர ஐந்தாறு மாதம் ஆகும். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி வரவேண்டும். அந்த வெயிலில் சாதாரண பீர் புளித்துப்போனது. எனவே ஹாட்சன் என்ற லண்டன்காரர் ஹாப்ஸ் என்ற பூவை அதிகம் போட்டு, ஆல்கஹாலையும் கூட்டி, இந்தியாவுக்கென்றே கெடாத பீர் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதுதான் ஐ.பி.ஏ. என்பார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சரியல்ல. ஹாட்சன் என்ற ஆள் இருந்தது உண்மை. ஹாப்ஸ் பீரைக் காப்பதும் உண்மை. 'கண்டுபிடித்தார்' என்பதில்தான் பிசகு.

முதலில் ஹாப்ஸ். இது ஒரு கொடி. அதன் பூ பச்சை நிறத்தில் சின்னக் கூம்பு போல இருக்கும். கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பள்ளியில் எங்களுக்குப் பிரெஞ்சில் 'ஊப்லோன்' என்று சொல்லிக்கொடுத்தார்கள், நேரில் ஒருவரும் பார்த்ததில்லை. பூவின் இதழ்களுக்கடியில் மஞ்சள் பொடி போல ஒரு பிசின் இருக்கிறது. முளைகட்டி உலர்த்திய பார்லியின் சாறோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் அந்தப் பிசின் மாற்றமடைந்து கரைகிறது. கசப்பு அதிலிருந்துதான் வருகிறது. பீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களை அதுவே அடக்கியும் வைக்கிறது. பீரைக் கெடுப்பவை நுண்ணுயிர்களே என்று லூயி பாஸ்தர் விளக்கமாகப் புத்தகம் எழுதியது 1876ல். ஆனால் அதற்கு நூறு வருடம் முன்பே, 1760களிலேயே, வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூட்டவேண்டும் என்பது இங்கிலாந்துக்காரர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. ஆகவே ஹாட்சன் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஹாட்சனின் ஆலை லண்டனுக்குக் கிழக்கே, லீ ஆற்றங்கரையில், போ என்ற இடத்தில் இருந்தது. 1750களில் தொடங்கியது. பெரிய ஆலை அல்ல. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறை அங்கிருந்து பக்கம். கப்பல் கேப்டன்களுக்குச் சம்பளத்தோடு ஒரு சலுகையும் உண்டு. கப்பலில் குறிப்பிட்ட அளவு இடத்தில் சொந்தச் சரக்கை ஏற்றிக்கொண்டு போய் இந்தியாவில் விற்று லாபம் பார்க்கலாம். பன்றித்தொடை, பாலாடைக்கட்டி, தொப்பி, கண்ணாடிச் சாமான் என்று பலதும் வரும். பீரும் வரும். அதைப் பக்கத்தில் இருந்த ஹாட்சனிடம் வாங்கினார்கள்.

பக்கத்தில் இருந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அவர் 18 மாதம் கடன் கொடுத்தார். கேப்டன் இந்தியாவுக்குப் போய், சரக்கை விற்று, திரும்பி வந்து பணம் கட்டினால் போதும். கைக்காசு போடாமல் வியாபாரம். யார்தான் வேண்டாம் என்பார்கள்? 1813 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 4,000 பீப்பாய் ஹாட்சன் பீர் கிழக்கே போனது.

அவர் அனுப்பிய சரக்கில் ஒன்று, அக்டோபரில் காய்ச்சி ஒன்றிரண்டு வருடம் வைத்திருந்து குடிக்கும் வகை. இங்கிலாந்துப் பண்ணை வீடுகளில் முன்பே இருந்ததுதான். கப்பலின் அடித்தளத்தில் ஆறு மாதம் சூட்டிலும் குலுங்கலிலும் கிடந்ததில் அந்தப் பீர் சீக்கிரமே பக்குவப்பட்டு, வந்து இறங்கும்போது குடிக்கத் தயாராக இருந்தது. ஒருவரும் திட்டமிடாமல் கிடைத்த லாபம் அது.

அடுத்த தலைமுறைக்குப் பேராசை வந்தது. 1820களின் தொடக்கத்தில் பிரெடரிக் ஹாட்சனும் கூட்டாளி தாமஸ் டிரேனும் கேப்டன்களை விலக்கிவிட்டுத் தாங்களே கப்பலில் அனுப்பி விற்கலாம் என்று பார்த்தார்கள். கடனை நிறுத்தினார்கள், விலையை ஏற்றினார்கள், ரொக்கம் கேட்டார்கள். கம்பெனிக்காரர்களுக்குக் கோபம். கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான கேம்பல் மார்ஜோரிபேங்க்ஸ், பர்ட்டன் ஊரில் ஆலை வைத்திருந்த சாமுவேல் ஆல்சாப்பை அழைத்து, "நீங்கள் இந்தியாவுக்குக் காய்ச்சலாமே" என்ற யோசனையைச் சொன்னார். ஆல்சாப்புக்கும் அப்போது நெருக்கடி. அதுவரை ரஷ்யாவுக்கு விற்றுவந்தவர், 1822ல் ரஷ்யா வரியை உயர்த்தியதால் அந்தச் சந்தையை இழந்திருந்தார். ஹாட்சன் பீரை மாதிரியாக வைத்து, முதல் முயற்சியை ஒரு தேநீர்க் கெண்டியில் காய்ச்சிப் பார்த்ததாக ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அடுத்த வருடமே பர்ட்டன் பீர் இந்தியாவுக்குப் புறப்பட்டது.

பர்ட்டன் கிணற்று நீரில் இயற்கையாகவே ஜிப்சம் கலந்திருக்கிறது. அந்தத் தண்ணீரில் காய்ச்சினால் ஹாப்ஸின் கசப்பு துலக்கமாக நிற்கும், பீரும் தெளிவாக வரும். லண்டன் தண்ணீருக்கு அந்தக் குணம் இல்லை. பத்தே வருடத்தில் அதே ஊர் பாஸ் கம்பெனி எல்லோரையும் முந்திவிட்டது. கடனால் வளர்ந்த ஹாட்சன், கடனை நிறுத்தி வீழ்ந்தார்.

இன்னொன்றையும் திருத்தவேண்டும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்த பீரைக் குடித்துத்தான் இந்தியாவைப் பிடித்தார்கள் என்பது போலச் சிலர் எழுதுகிறார்கள். சாதாரணச் சிப்பாய் குடித்தது பெரும்பாலும் போர்ட்டர் என்ற கறுப்பு பீர். பேல் ஏல் அதிகாரிகளுக்கும் கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கும். ஆல்கஹாலும் ஆறு, ஆறரை சதவீதம்தான், அக்கால இங்கிலாந்தில் அது ஒன்றும் பெரிதல்ல. 'இந்தியா' என்ற பெயரும் உடனே வந்துவிடவில்லை. முதலில் 'இந்தியாவுக்கென்று தயாரித்த பேல் ஏல்' என்று விளம்பரம் செய்தார்கள். 1830களில்தான் 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் நிலைத்தது. இந்தியாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் அதே ருசியைத் தேட, இங்கிலாந்துக்குள்ளேயே அது நாகரிகமானது.

பிரெஞ்சுக்காரர்களையும் அது விடவில்லை. ஓவியர் மானே 1882ல் முடித்த 'ஃபோலி பெர்ஜேர் மதுக்கூடம்' என்ற படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். சோகமான முகத்தோடு ஒரு பெண் நிற்பாள். அவள் முன்னே மேடையில் சிவப்பு முக்கோணம் ஒட்டிய பாட்டில்கள் இருக்கும். அது பாஸ் பீர். அந்த முக்கோணம்தான் 1876ல் இங்கிலாந்தில் பதிவான முதல் வணிகச் சின்னம்.

இதில் இந்தியரின் பங்கு என்ன? சென்னையில் துறைமுகம் கட்டாத காலத்தில், நடுக்கடலில் நின்ற கப்பலிலிருந்து பீப்பாய்களை மசூலா படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கரை சேர்த்தவர்கள் நம் மீனவர்கள். துரை வீட்டில் 'ஆப்தார்' என்று ஒரு வேலைக்காரர் இருப்பார். வெடியுப்பு கரைத்த தண்ணீரில் பாட்டிலைச் சுழற்றிச் சுழற்றிக் குளிரவைப்பதே அவர் வேலை. பிறகு அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் கட்டியே வந்தது. சென்னைக் கடற்கரையில் 1842ல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அதற்குத்தான். சுமந்தது நம்மவர், குளிரவைத்தது நம்மவர். அநேகமாக ஒரு வாய் குடித்திருக்க மாட்டார்கள்.

மலைப் பிரதேசத்தில் காய்ச்சுவதும் தொடங்கியது. 1850களில் கசௌலியில் எட்வர்ட் டயர் என்பவர் ஆலை வைத்தார். அவர் மகன்தான் 1919ல் ஜாலியன்வாலா பாகில் சுடச்சொன்ன ஜெனரல் டயர். பிறகு குளிர்பதன இயந்திரம் வந்து, லேகர் என்ற மென்மையான பீர் உலகெங்கும் பரவ, பேல் ஏல் மறைந்துபோகும் நிலைக்கு வந்தது. அதை மீட்டவர்கள் அமெரிக்கர்கள். 1970களில் 'கேஸ்கேட்' என்ற புது ஹாப்ஸ் ரகம் அங்கே வந்தது. நான் முகர்ந்த பம்பளிமாஸ் வாசனை அந்த வகை ஹாப்ஸுடையதுதான். இந்தியாவின் பெயரைச் சுமந்த பீர், அமெரிக்கப் பூவின் வாசனையோடு, பெங்களூர் வழியாக என் வீட்டுக்கு வந்திருக்கிறது.

இப்போது நான் மதுவைப் பற்றி எழுதாததற்குக் காரணம். என் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர், இந்தோசீனா வரை போய் வந்தவர். அவருக்குப் பென்ஷன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். எங்கள் தெருமுனைச் சாராயக்கடையில் அவர் பெயரில் ஒரு நீள நோட்டு உண்டு. மூன்று மாதமும் பற்று எழுதுவார்கள், பென்ஷன் வந்ததும் முதல் பணம் அங்கே போகும். மிச்சத்தில்தான் குடும்பம். அம்மாவின் வளையல்கள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போனது அப்படித்தான். அப்பா இறந்து காரியம் முடிந்த மறுநாள், பாக்கியைக் கட்டிவிட்டு வரும்படி அம்மா என்னை அனுப்பினாள். 212 ரூபாய். அன்று எனக்கு வயது 19. கடைக்காரர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, கணக்கில் குறுக்கே ஒரு கோடு போட்டார். "உங்க அப்பா நல்ல மனுஷன் தம்பி. கேட்டு ஒரு நாள்கூட நான் இல்லேன்னு சொன்னதில்ல" என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஹாட்சனின் 18 மாதக் கடனைப் பற்றிப் படித்தபோது அந்த நோட்டுதான் என் கண்முன் வந்தது. பூ, தண்ணீர், ருசி எல்லாம் பிறகு. குடியை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து சேர்ப்பது, "காசு அப்புறம் கொடு" என்ற ஒரு வார்த்தை. முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கணக்கு எழுதியவன் என்பதால் எனக்கு அதுதான் முதலில் தெரிகிறதோ என்னவோ.

மருமகன், "எத்தனை மார்க் மாமா?" என்றார். நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் எல்லாமே 20க்குத்தான், அதனால் அப்படியே போட்டேன். நிறத்துக்கும் நுரைக்கும் ஐந்துக்கு 4. வாசனைக்கு ஐந்துக்கு 5. கசப்புக்கு 4, ஒளிக்காமல் தன்னைக் காட்டிக்கொள்கிறது. கடைசி ஐந்தில் 1தான் கொடுத்தேன். ஏனென்றால் ஆல்கஹாலை அது ஒளித்துவிடுகிறது. அரை லிட்டரில் 7 சதவீதம் என்றால் 35 மில்லி சுத்த ஆல்கஹால். 30 மில்லி பெக் பிராந்தியில் இருப்பது ஏறக்குறைய 13 மில்லி. ஆக ஒரு டின் என்பது கிட்டத்தட்ட மூன்று பெக். பழ வாசனையில் அது தெரிவதே இல்லை. மொத்தம் 20க்கு 14. எங்கள் காலத்தில் 14 வாங்கினால் வீட்டில் பாயசம் வைப்பார்கள்.

இரண்டாவது டின்னை மருமகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "என்ன விலை?" என்று மட்டும் கேட்டேன். "கார்டுல போட்டேன் மாமா, அடுத்த மாசம்தான் கட்டணும்" என்றார்.