லுத்தர் வீட்டு அம்மாள்

பெரிய மனிதர்களின் சரித்திரத்தைப் படிக்கும்போது எனக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர் என்ன பேசினார், என்ன எழுதினார், எந்த அரசனை எதிர்த்து நின்றார் என்பதையெல்லாம் மரியாதையாகப் படித்துக்கொண்டே வருவேன். ஆனால் மனம் மட்டும் ஓரமாக ஒதுங்கி நின்று, 'அன்றைக்கு இவர் வீட்டில் யார் உலை வைத்தார்கள்? அரிசிக்கு என்ன செய்தார்கள்?' என்று கேட்டுக்கொண்டிருக்கும். கதை எழுதுகிறவன் புத்தி அது.

பெரும்பாலான சரித்திரப் புத்தகங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஒரு வீட்டைப் பற்றி மட்டும் நமக்கு நிறையவே தெரிகிறது. ஜெர்மனியில் விட்டன்பர்க் என்ற சிறு பட்டணத்தில் இருந்த மார்ட்டின் லுத்தரின் வீடு அது. 1517ல் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்துக் கிளம்பி, மேலை நாட்டுக் கிறிஸ்தவ சபையையே இரண்டாக்கிய லுத்தரை எல்லாருக்கும் தெரியும். அவருடைய மதக் கொள்கைகளைப் பற்றி வாதாட நான் வரவில்லை. அவர் மனைவி காதரீனா வான் போராவைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

மேலை நாட்டில் பல நூற்றாண்டுகளாகக் குருமார் மணம் செய்துகொள்ளக் கூடாது என்பது விதி. லுத்தருக்கு முன்பே சிலர் அந்த விதியை மீறித் துணிந்து மணந்துகொண்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஊரும் உலகமும் கண் வைத்துப் பார்த்தது இந்த ஒரு வீட்டைத்தான். குருவின் மனைவி என்றால் எப்படி இருக்க வேண்டும், எதில் தலையிடலாம், எதில் கூடாது என்று சொல்லிக்கொடுக்க அந்தப் பெண்ணுக்கு ஒரு முன்மாதிரியும் இல்லை. அவரேதான் ஒரு வழியைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

காதரீனா 1499ல் சாக்ஸனி நாட்டில், பேர் பெரிதாகவும் வருமானம் சிறிதாகவும் இருந்த ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பெண்ணைக் கன்னிமாடத்தில் விட்டுவிட்டார்கள். சீதனம் கொடுக்க வழியில்லாத குடும்பங்கள் அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடுதான் அது. நிம்ப்ஷன் என்ற இடத்து மடத்தில், 1515ல், பதினாறு வயதில் துறவறம் ஏற்றார்.

1523 ஈஸ்டர் சமயத்தில், அந்த மடத்துக்கு மீனும் மற்றச் சரக்குகளும் கொண்டுவந்து போடும் கோப்பே என்ற வியாபாரியின் வண்டியில் ஏறிப் பன்னிரண்டு கன்னியர் தப்பினார்கள். மீன் பீப்பாய்களுக்குள்ளேயே ஒளிந்து வந்தார்கள் என்று கதை சொல்லுகிறவர்களும் உண்டு. உள்ளே இருந்தாலென்ன, பக்கத்தில் இருந்தாலென்ன, நாற்றம் ஒன்றுதானே! மூவர் உறவினரிடம் போய்விட்டார்கள். மீதி ஒன்பது பேர் விட்டன்பர்க் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு மாப்பிள்ளை தேடுகிற வேலை லுத்தர் தலையில் விழுந்தது.

காதரீனாவைப் பெளம்கார்ட்னர் என்ற நியூரம்பர்க் இளைஞர் விரும்பினார், அது கைகூடவில்லை. பிறகு கிளாட்ஸ் என்ற குருவுக்குக் கொடுக்கலாம் என்று பேசினார்கள். கையில் காசில்லை, வீடில்லை, வயதோ இருபத்தாறு. வேறு பெண்ணாக இருந்தால் தலையைக் குனிந்திருப்பாள். காதரீனா, லுத்தரின் நண்பர் ஆம்ஸ்டோர்பிடமே போய், கிளாட்ஸ் வேண்டாம், தாங்களோ டாக்டர் லுத்தரோ கேட்டால் மறுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஒரு நாவலில் இப்படி எழுதினால், நடக்கக்கூடியதா என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள். நடந்தது. 1525 ஜூன் 13ஆம் தேதி லுத்தருக்கும் அவருக்கும் மணம் முடிந்தது. மாப்பிள்ளைக்கு வயது நாற்பத்தொன்று.

அவர்கள் குடியிருக்கக் கிடைத்தது, துறவிகள் விட்டுப்போன பெரிய மடம். வீடு அல்ல, சத்திரம். தாம் தனியாக இருந்த காலத்தில் ஒரு வருஷமாகப் படுக்கையை யாரும் தட்டிப் போடவில்லை என்றும், வேர்வையில் வைக்கோல் மக்கிப்போயிருந்தது என்றும் லுத்தரே பிற்பாடு சொன்னார். காதரீனாவின் ஊழியம் அந்தப் படுக்கையை உதறுவதில் ஆரம்பமாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பணம். லுத்தர் தம் புத்தகங்களுக்கு அச்சுக்கூடத்தாரிடம் ஒரு காசு வாங்கமாட்டார். கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லவும் தெரியாது. கையில் நாணயம் இல்லாவிட்டால், பரிசாக வந்த வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார். கல்யாணமானதும் அரசர் சம்பளத்தை 200 கில்டராக உயர்த்தினார். வந்து போகிறவர்கள் கூட்டத்துக்கு அது எந்த மூலை? லுத்தரின் எதிரியான மைன்ஸ் பேராயர் கல்யாணப் பரிசாக 20 பொற்காசு அனுப்பியபோது, லுத்தர் திருப்பி அனுப்பச் சொன்னாராம். அம்மாள் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாராம். கொள்கைக்கு வெளியே இடம் இருக்கிறது. அடுப்பில் உலை கொதிக்கும்போது காசுக்கு உள்ளேதான் இடம்.

அவர் காசை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. மடத்துக்கு இருந்த உரிமையை வைத்துப் பீர் காய்ச்சினார். நம் வீட்டு நீராகாரம் போல அங்கே அது அன்றாடச் சாப்பாட்டோடு சேர்ந்தது. தோட்டம் போட்டார், பன்றி, பசு, கோழி வளர்த்தார், குளத்தில் மீன் பிடித்தார். 1540ல் சூல்ஸ்டார்ப் என்ற இடத்துப் பண்ணையைத் தம் சகோதரனிடமிருந்து வாங்கி, அடிக்கடி வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்து வந்தார். லுத்தர் தம் கடிதங்களில் அவரைச் சூல்ஸ்டார்ப் சீமாட்டி என்றும், பன்றிச் சந்தை எஜமானி என்றும் கேலி செய்வார். கேலிக்குள்ளே பெருமை இருக்கிறது. 'காதரீனா ஐயா' என்று ஆண்பாலில் கூப்பிடுவதும் உண்டு.

சாப்பாட்டு மேஜையில் முப்பது நாற்பது பேர் உட்காருவார்கள். பெற்ற பிள்ளைகள் ஆறு; பெற்றோரை இழந்த உறவுக் குழந்தைகள் அநேகம்; பணம் கட்டிச் சாப்பிடும் மாணவர்கள்; ஓடி வந்த துறவிகள், விதவைகள். அந்த வீட்டில் சந்தடி தாங்காது, தங்க வேண்டாம் என்று 1542ல் ஒரு பிரபுவுக்கு ஆலோசனை எழுதிய கடிதம் இருக்கிறது. பிரபுவுக்கு ஒரு ராத்திரி. அம்மாளுக்கு இருபது வருஷம்.

சாப்பிடும்போது லுத்தர் பேசுவதை மாணவர்கள் ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டார்கள். பிற்பாடு 1566ல் அது பெரிய புத்தகமாக வந்தது. இவர்களுக்கு இனாமாகச் சொல்லித்தராதீர்கள், ஏற்கெனவே நிறையச் சேர்த்துவிட்டார்கள் என்று அம்மாள் ஒருநாள் கணவரிடம் சொன்னதையும் அவர்களே குறித்து வைத்திருக்கிறார்கள். சிலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. வாயாடி, அதிகாரக்காரி, கருமி என்று பேர். சோற்றைத் தின்றுகொண்டே சொல்லியிருப்பார்கள். பேச்சு முழுவதும் புத்தகத்தில் இருக்கிறது. கூழுக்கு மாவு எங்கிருந்து வந்தது என்பதை யார் குறித்துக்கொண்டார்?

வேலை மிகுதியில் அவர் படிப்பை விட்டுவிடவில்லை. 1535ல் லுத்தர் நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில், வருகிற ஈஸ்டருக்குள் வேதாகமத்தை முழுக்கப் படித்து முடித்தால் காதரீனாவுக்கு 50 கில்டர் தருவதாகப் பந்தயம் கட்டியிருப்பதைச் சொல்கிறார். அம்மாளும் மும்முரமாக இறங்கிவிட்டாராம்.

துக்கமும் அந்த வீட்டை விடவில்லை. 1527ல் கொள்ளைநோய் வந்து சர்வகலாசாலையே ஊரை விட்டுப் போனபோது, லுத்தர் குடும்பம் போகவில்லை. வீடு ஆஸ்பத்திரியாயிற்று. அம்மாள் அப்போது கர்ப்பிணி. அந்த டிசம்பரில் பிறந்த எலிசபெத் எட்டு மாதத்தில் இறந்தாள். 1542ல் பதின்மூன்று வயது மகள் மகதலேனா கண்ணை மூடினாள். மகளின் படுக்கையருகே லுத்தர் அழுததும் ஜெபித்ததும் பேசியதும் விவரமாக எழுதப்பட்டிருக்கின்றன. தாயைப் பற்றி ஒரு வரிதான்: துக்கம் தாங்காமல் அதே அறையில் சற்றுத் தள்ளி நின்றார் என்று. அந்த ஒரு வரியைத் தாண்டி மேலே படிக்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

லுத்தர் ஒன்று செய்தார். அதற்காக அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். 1542 ஜனவரியில் தம் கையால் உயில் எழுதினார். காதரீனா உண்மையுள்ள மனைவியாக இருந்தார். ஆகவே வீடும் பண்ணையும் அவருக்கே. அவர் பிள்ளைகள் கையை எதிர்பார்க்கக் கூடாது, பிள்ளைகள்தாம் அவர் கையை எதிர்பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அன்றைய சாக்ஸனிச் சட்டமோ கைம்பெண்ணை நம்புகிற சட்டமல்ல. ஆண்கள் காப்பாளராக வந்தாக வேண்டும்.

1546 பிப்ரவரி 18ஆம் தேதி, வெளியூரில் லுத்தர் காலமானார். அதற்குச் சில நாள் முன்புதான், வீணாகக் கவலைப்படுகிறாய் என்று மனைவியைக் கேலி செய்து கடிதம் எழுதியிருந்தார். கவலை வீணாகவில்லை. அரசரின் மந்திரி புரூக் உயிலுக்குக் குறுக்கே நின்றார். அந்த அம்மாளுக்குச் செலவு செய்யத்தான் தெரியும், பிள்ளைகளைப் பிரித்து வைப்பதே நல்லது என்பது அவர் கட்சி. முப்பது நாற்பது பேருக்குச் சோறு போட்டவரைப் பற்றி இந்த அபிப்பிராயம்! அரசர் உயிலை ஒப்புக்கொண்டார். ஆனால் காப்பாளர்களும் வந்து சேர்ந்தார்கள். அந்த வசந்த காலத்தில் அம்மாள் தம் நாத்தியாருக்கு எழுதிய கடிதம் ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது. சாப்பிடவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை, ஒரு ராஜ்யத்தையே இழந்திருந்தாலும் இவ்வளவு வேதனை இராது என்கிறார். கணவருக்கு அவர் எழுதிய கடிதங்களில் ஒன்றுகூட இன்று இல்லை.

அப்புறம் யுத்தம். இரண்டு முறை ஊரை விட்டு ஓடினார். 1547ல் திரும்பி வந்தபோது பண்ணை பாழ். மாடு கன்று ஒன்றுமில்லை. மறுபடியும் மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டுப் பிழைத்தார். டென்மார்க் அரசருக்கு உதவி கேட்டு எழுதினார். 1552ல் மீண்டும் கொள்ளைநோய். பிள்ளைகளோடு டோர்காவுக்குப் போகும் வழியில் குதிரைகள் மிரண்டன; வண்டியை நிறுத்தக் கீழே குதித்தவர் குளிர்ந்த நீர் நிறைந்த பள்ளத்தில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. டிசம்பர் 20ஆம் தேதி, ஐம்பத்து மூன்றாம் வயதில் இறந்தார். டோர்காவ் மாதா கோவிலில் அவர் கல்லறைக் கல் இருக்கிறது.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் இருந்துவிட முடியாது. அந்த வீட்டு வழியில் வந்த ஜெர்மன் குருமார்தாம் 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அவர்களில் சீகன்பால்கு ஊருக்குப் போய் 1716ல் மணம் முடித்து, மனைவி மரியா டோரத்தியாவோடு திரும்பினார். 1733ல் ஆரோன் என்ற தமிழர் அங்கே குருப்பட்டம் பெற்றார். தமிழ் நாட்டுக் குருமனைகளின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. திருநெல்வேலிச் சீமையில் குருவானவரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வார்கள். சாதிப் பெயர் அல்ல, மரியாதைச் சொல்.

எனக்குத் தெரிந்த ஓர் ஐயரம்மா இருந்தார். "வாசலில் கிடக்கிற செருப்பை எண்ணித்தான் தம்பி உலை வைக்கிறேன்" என்பார். நோயாளி வீட்டுக்குக் கஞ்சி போகும். பரீட்சைக்கு வந்த பையன் திண்ணையில் படுப்பான். புருஷனோடு சண்டை போட்ட பெண் அடுப்பங்கரையில் அழுவாள். ஐயருக்குச் சம்பளப் பட்டியல் உண்டு; அந்த அம்மாளின் பேர் எந்தப் பட்டியலிலும் கிடையாது. ஐயர் திடீரென்று காலமானபோது, குருமனையைப் புதிய ஐயருக்காகக் காலிசெய்ய வேண்டியிருந்தது. அம்மிக்கல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவர் கேட்ட கேள்விக்கு அங்கிருந்த பெரியவர்கள் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இன்றைய ஐயரம்மாக்களுக்குக் காதரீனா சொல்லக்கூடியது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். வீட்டுக் கணக்கைத் தாழ்வாக நினைக்காதே; பிரசங்கம் அதன்மேல்தான் நிற்கிறது. கருமி என்று பேர் வந்தால் வரட்டும். பானையின் அடி தெரிந்தவள் நீ ஒருத்திதான். மனதில் பட்டதை மேஜையிலேயே சொல்லு. எத்தனை வேலையிலும் படிக்கிற புத்தகத்தை மூடிவிடாதே. துக்கம் வந்தால் எல்லாருக்கும் முன்னால் திடமாக நிற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சற்றுத் தள்ளி நிற்கலாம்.

கணவன்மாருக்கும் சபையாருக்கும் சொல்ல வேண்டியதை லுத்தரின் உயில் சொல்கிறது. அம்மாளின் உழைப்பை அவர் இருக்கும்போதே எழுத்தில் வையுங்கள். தலைக்குமேல் ஒரு கூரைக்கும் வழி செய்து வையுங்கள். சட்டம் குறுக்கே நின்றால் சட்டத்தோடு வாதாடுங்கள்.

விட்டன்பர்க் வீட்டில் ஒரு கல் வாசல் இன்றும் இருக்கிறது. 1540ல் கணவரின் பிறந்த நாளுக்கென்று காதரீனா செய்வித்தது. வாசலின் இரு புறமும் ஆளுக்கு ஒன்றாக இரண்டு கல்லாசனங்கள். அவற்றில் ஒன்றில் அவர் எத்தனை நாள் சாயங்காலம் ஓய்ந்து உட்கார்ந்திருப்பார் என்று தெரியவில்லை. உள்ளே வேலை அவ்வளவு இருந்தது.