1964 தனுஷ்கோடி புயலும் நம்ம சிங்கப்பூர் காற்றும்

ஆடி மாசத்துக்குக் கோயில் வாசல்ல கூடாரம் போடப் போறோம். அதுக்கு முன்னாடி, தொண்டூழியர்கள் நாங்க காற்றைப் பற்றிக் கொஞ்சம் பழைய கதை எழுதுறோம்.

1964 டிசம்பர் 22 ராத்திரி. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் கிடைக்கவில்லை. ஓட்டுநர் கொஞ்ச நேரம் காத்திருந்து, விசில் ஊதிவிட்டு வண்டியை நகர்த்தினார் என்று சொல்வார்கள். எழும்பி வந்த கடல் வண்டியோடு அள்ளிக்கொண்டு போனது. அதில் மட்டும் நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். தலைமன்னாருக்குக் கப்பல் விட்ட ஊர் ஒரே ராத்திரியில் மணல் மேடானது. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் பிறகு அறிவித்தது.

அன்றைக்கு ராமேஸ்வரத்தில் மக்கள் ஓடிப்போய் ஒதுங்கிய இடம் ராமநாதசுவாமி கோயில். சாமி காப்பாத்தினார்னு சொல்றோம், சரிதான். கருங்கல் சுவரும் கல் கூரையும் சாமி கொடுத்ததுதானே. நம்ம சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலிலும் ஜப்பான்காரன் குண்டு போட்ட நாட்களில் ஜனங்கள் அடைக்கலம் இருந்தார்கள். ஆனா கோயில் வேற, வாசல்ல நிக்கிற கூடாரம் வேற. காற்றடிக்கும்போது கூடாரக் கம்பியைப் பிடிச்சுத் தொங்குற தம்பிகளை நாங்க பார்த்திருக்கோம், வயிறு கலங்கிடும்.

"சிங்கப்பூருக்கு ஏது புயல்?"னு கேட்பீங்க. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் உருவாகாதுன்னுதான் படிச்சவங்களும் நினைச்சாங்க. 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் புயல் பக்கத்து ஜொகூரில் கரையேறியது. அது அபூர்வம். நமக்கு அடிக்கடி வர்றது சுமத்ரா காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னாடியோ காலையிலோ மேற்கேயிருந்து வரும். ஒண்ணு ரெண்டு மணி நேரத்தில் போயிடும். திருப்பள்ளியெழுச்சி நேரம்னு பார்த்துக்குங்க. 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் மணிக்கு 144.4 கிலோமீட்டர் வேகம் பதிவாச்சு. 2024 செப்டம்பர் 17 சாயங்காலம் அடிச்ச காற்று 83 கிலோமீட்டர்தான், அதுக்கே 300 மரங்களுக்கு மேல் முறிஞ்சும் சாய்ஞ்சும் கிடந்தது.

வீட்டில் முக்கியமா ஒண்ணு: தாழ்வாரச் சுவர் மேல வச்சிருக்கிற துளசித் தொட்டி. பத்தாவது மாடியிலிருந்து விழுந்தா கீழே போறவங்க கதி என்ன? தரையில இறக்கி வையுங்க. காயப்போட்ட மூங்கில் கழியை உள்ளே எடுங்க. பழைய ஜன்னலில் அலுமினிய ரிவெட் இருந்தா எவர்சில்வர் ரிவெட்டா மாத்திடுங்க. காற்று அடிக்கிறப்போ மரத்தடியில் நிக்க வேண்டாம்.

கோயிலில், மேற்கு வானம் கறுத்தவுடனே அன்னதான அடுப்பின் கேஸை மூடிட்டு, வயசானவங்களை முதல்ல மண்டபத்துக்குள்ள கூட்டிட்டு வாங்க. கூடாரம் பறந்தா பறக்கட்டும், யாரும் கம்பியைப் பிடிக்காதீங்க.