மலைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகள்

மதுரைக்காரர்களிடம் “சமணர் மலைக்குப் போயிருக்கிறீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். “நாகமலைப் புதுக்கோட்டை போகிற வழியில் தெரியுமே, அதுதானே? பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன்” என்பார்கள். ஓய்வு பெறும் வரை நானும் அந்த ரகம்தான். பிறந்தது மதுரை, படித்தது மதுரை, உத்தியோகமும் பெரும்பாலும் மதுரையைச் சுற்றித்தான். ஆனால் மலை என்றால் எனக்குத் திருப்பரங்குன்றமும் அழகர்கோயிலும் மட்டுமே. மற்றதெல்லாம் வெறும் பாறை.

வெறும் பாறை என்று நினைத்ததற்கு என் வேலையும் ஒரு காரணம். தாலுகா ஆபீஸில் நிலப் பதிவேடுகளோடு முப்பது ஆண்டுக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். பதிவேட்டில் நஞ்சைக்கும் புஞ்சைக்கும் எத்தனை விவரம் உண்டோ, அத்தனைக்கு அத்தனை குன்றுக்கு ஒன்றும் கிடையாது. ‘கல்லாங்குத்து’ என்றோ, ‘பாறை புறம்போக்கு’ என்றோ, ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்றோ ஒரு சொல்லில் முடிந்துவிடும். தீர்வை வராத நிலத்தைப் பற்றி அரசாங்கத்துக்கு என்ன கவலை? எனக்கும் இல்லை.

ஆனால் அந்தப் புறம்போக்குகளின் கதை வேறு. மதுரையைச் சுற்றிப் பத்துக்கு மேற்பட்ட குன்றுகளில் தமிழி எழுத்துகள் இருக்கின்றன. மாங்குளம் மீனாட்சிபுரத்து மலையில் உள்ள கல்வெட்டுகளை 1882-இலேயே ராபர்ட் சுவெல் கண்டு சொன்னார். அது என்ன மொழி என்று வெகுநாள் புரியவில்லை. அந்த எழுத்துகள் தமிழைத்தான் பேசுகின்றன என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். பிறகு 1960-களில் ஐராவதம் மகாதேவன் அதில் ‘நெடுஞ்செழியன்’ என்ற பெயரைப் படித்தார். நாம் பள்ளிக்கூடத்தில் சிலப்பதிகாரத்தில் படித்த அதே பெயர்! அந்தப் பெயர் கொண்ட ஒரு பாண்டியனுடைய ஆள், கணிநந்தன் என்ற துறவிக்குப் பள்ளி வெட்டிக் கொடுத்த செய்தி அது. வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவும் அங்கே தானம் செய்திருக்கிறது. மகாதேவன் கணக்கில் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு.

இதெல்லாம் அறிஞர்களுக்குத் தெரிந்திருந்தது. மலையடிவார ஊர்க்காரர்களுக்கும் வேறு மாதிரி தெரிந்திருந்தது. அவர்கள் அந்தக் கற்படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்றார்கள். பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரருக்குச் சாமி என்று எண்ணெய் தடவி விளக்கு வைத்தார்கள். நடுவில் இருந்த நம்மைப் போன்ற நகரத்துக்காரர்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது.

இந்த நிலை மாறியது 2010-இல். ஒத்தக்கடைப் பக்கம் படுத்திருக்கும் யானை போல ஒரு மலை இருக்கிறதே, யானைமலை, அதைச் சிற்ப நகரமாகச் செதுக்கப் போகிறார்கள் என்று ஒரு திட்டம் வந்தது. நரசிங்கமும் சுற்று ஊர்களும் எதிர்த்து நின்றன. அந்த மலையில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? மேலே தமிழிக் கல்வெட்டும் சமணச் சிற்பங்களும். அடிவாரத்தில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி 770-இல் குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயில். அவர் காலமாகிவிட, முகமண்டபத்தைத் தம்பி மாறன் எயினன் முடித்தார். பக்கத்திலேயே லாடன் கோயில் என்ற முருகன் குடைவரையும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே செதுக்கி முடித்த மலையை மறுபடி செதுக்க என்ன இருக்கிறது? திட்டம் கைவிடப்பட்டது.

அந்தச் சமயத்தில் யானைமலைக்குப் போன எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனும் நண்பர்களும், மலை ஏறிப் பார்த்தால்தானே அதன் அருமை தெரியும் என்று தொடங்கியதுதான் ‘பசுமை நடை’. கட்டணம் இல்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குன்று. அவ்வளவுதான் திட்டம்.

நான் சேர்ந்தது தற்செயல். காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர், “நீங்கள் இந்தப் பூங்காவையே எத்தனை நாளைக்குச் சுற்றுவீர்கள்? ஞாயிற்றுக்கிழமை என்னோடு கீழக்குயில்குடிக்கு வாருங்கள்” என்றார். விடியும் முன்னே கூடினோம். இரு சக்கர வண்டிகள், கார்கள், இரண்டு வேன். ஆட்டோக்காரர், பேராசிரியர், வங்கி ஊழியர், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, கல்லூரிப் பிள்ளைகள். யாரும் யாரையும் என்ன உத்தியோகம் என்று கேட்கவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு அது எவ்வளவு நிம்மதி என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

கீழக்குயில்குடியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சமணர் மலையின் அடிவாரத்தில் தாமரைக் குளம், அதன் கரையில் அய்யனார் கோயில், பக்கத்தில் விழுது விட்ட ஆலமரம். கோயிலுக்குப் பின்னால் படி ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே ஒரே வரிசையில் எட்டுச் சிற்பங்கள். மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி என்று ஒவ்வொருவராகக் காட்டினார்கள். கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள். ஒன்றில் அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதி பெயர் இருக்கிறது. சாமியாராகப் போன மகனின் தாய் பெயர் ஆயிரம் ஆண்டு கழித்தும் கல்லில் நிற்கிறது. என்னோடு வந்த ஒரு அம்மா அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்க்கப் போனார். “தொடாதீங்கம்மா, தேய்ஞ்சிரும்” என்று ஒரு பள்ளிக்கூடப் பையன் தடுத்தான். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. புடவு என்றால் நம் பக்கத்தில் குகை. வாசலில் பெரிய தீர்த்தங்கரர், காது நீண்டு, உட்கார்ந்திருப்பார். அவரைத்தான் ஊர்க்காரர்கள் செட்டியார் என்று சொல்லிவந்தார்கள்.

பெரும்பாலான நடைகளில் தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் அய்யா விளக்கம் சொல்வார். பாறையில் உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான். குகை முகப்பில் மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க வெட்டிய காடி, அதன் கீழே எழுத்து, உள்ளே தலையணை மேட்டோடு செதுக்கிய படுக்கை என்று எதை எங்கே பார்க்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். இறங்கி வந்தால் மரத்தடியில் இட்லி. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கிடக்கிற குப்பையைப் பொறுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். 2013-இல் 25-ஆவது நடையை அதே ஆலமரத்தடியில் ‘விருட்சத் திருவிழா’ என்று கொண்டாடினார்கள். சாந்தலிங்கம் அய்யாவின் ‘மதுர வரலாறு’ என்ற நூலையும் வெளியிட்டார்கள்.

இனி நான் எழுத வேண்டிய, எழுதத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நடையில் விளக்கம் சொன்னவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். ஊர்க்காரர்கள் ஒரு மலையில் பாண்டவர் படுக்கை இருக்கிறது என்றால், கதை என்று விட்டுவிடாமல் ஏறிப் பாருங்கள், அநேகமாக அங்கே சமணர் படுக்கை இருக்கும் என்றார். எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு குன்றில் குவாரி கேட்டு விண்ணப்பம் வந்திருந்தது. ஸ்தலத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டியவன் நான். கோடை வெயில். அடிவாரத்தில் புளிய மரத்து நிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்தேன். தலையாரி மேலே கை காட்டி, “அங்கிட்டு பாண்டவரு படுக்கை இருக்குங்கய்யா” என்றார். “பாண்டவர் உங்க ஊருக்கு எப்பய்யா வந்தாங்க?” என்று சிரித்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்தார். ஏறிப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் ஏறவில்லை. குடியிருப்பு அருகில் இல்லை, கோயில் இல்லை, தொன்மைச் சின்னம் இல்லை என்று அங்கேயே குறிப்பு எழுதினேன். யாரும் எனக்குப் பணம் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை. சோம்பல்தான்.

அந்தக் குன்று எது என்று எழுதப் போவதில்லை. நடையில் அந்தப் பேச்சைக் கேட்ட மறுவாரம் தனியாகப் போய்ப் பார்த்தேன். மலை இருந்த இடத்தில் நேர்கோடாக வெட்டிய சுவர்கள், நடுவில் பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளம். தலையாரி சொன்ன படுக்கை நிஜமாகவே இருந்ததா என்று இனி எவராலும் சொல்ல முடியாது. தலையாரியும் இப்போது இல்லை.

மேலூர்ப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கீழவளவில் தமிழிக் கல்வெட்டு உள்ள பஞ்சபாண்டவர் மலை தப்பி நிற்கிறது. சுற்றி எத்தனையோ பாறைகள் கிரானைட்டாகக் கப்பல் ஏறிவிட்டன. 2012-இல் ஆட்சியராக இருந்த உ. சகாயம் இதுபற்றி அரசுக்கு எழுதினார். 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அறிக்கை தாக்கலானது. செய்தித்தாளில் அதையெல்லாம் படித்தபோது என் குறிப்பு எந்தக் கோப்பில் கிடக்கிறதோ என்று நினைத்துக்கொள்வேன்.

இங்கிலாந்திலும் இப்படிக் கூட்டமாக மலைக்கு நடப்பவர்கள் உண்டு. அவர்கள் கதை வேறு. அங்கே மலைகளும் புல்வெளிகளும் பிரபுக்களின் வேட்டைக்காடுகளாக இருந்தன. உள்ளே நுழையத் தடை. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் தடையை மீறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 2000-இல்தான் திறந்தவெளிகளில் நடக்கும் உரிமை சட்டமானது. அவர்களுக்கு மலை இருந்தது, வழி இல்லை. நமக்கு வழி எப்போதும் திறந்தே கிடந்தது. யாரும் போகவில்லை. அதனால் மலையே போய்விட்டது.

அரிட்டாபட்டியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஏழு மலை, சுற்றிலும் ஏரிகளும் சுனைகளும், லகுலீசர் சிற்பமுள்ள குடைவரைச் சிவன் கோயில், கழிஞ்சமலையில் தமிழிக் கல்வெட்டுகள், பாறை உச்சியில் கூடு கட்டும் வல்லூறுகள். பசுமை நடையில் நான் மிகவும் ரசித்த ஊர். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அந்த மீனாட்சிபுரம்தான் நெடுஞ்செழியன் பெயர் உள்ள ஊர்.

இரண்டே ஆண்டில் சோதனை வந்தது. 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்ததாக மத்திய அரசு அறிவித்தது. ஊர் ஊராகக் கிராமசபை கூடித் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மதுரை தல்லாகுளம் வரை வந்தார்கள். பெண்களும் வயசாளிகளும் நடந்தே வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது.

அது ஊர்க்காரர்களின் வெற்றி. ஞாயிற்றுக்கிழமை நடப்பவர்கள் அதில் பங்கு கேட்கக் கூடாது. ஆனால் ஒன்று கவனித்தேன். அந்த மூன்று மாதமும் மதுரையில் டீக்கடையில்கூட அரிட்டாபட்டி என்றால் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் இருந்தது. கல்வெட்டு, குடைவரை, வல்லூறு என்று அடுக்கினார்கள். ‘வெறும் பாறைதானே’ என்று யாரும் சொல்லவில்லை. என் குறிப்பு எழுதப்பட்ட காலத்தில் தலையாரி ஒருவர்தான் சொன்னார். கேட்க ஆள் இல்லை.

முழங்கால் இப்போது மலை ஏற விடுவதில்லை. நடை இருக்கும் ஞாயிறுகளில் முடிந்தால் போய் அடிவாரத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். பிள்ளைகள் இறங்கி வரும்போது என்ன பார்த்தீர்கள் என்று கேட்பேன். போன முறை பேரன் தாளில் தமிழி எழுத்தில் தன் பெயரை எழுதிக் கொண்டுவந்து காட்டினான்.

உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு குன்று இருந்தால், அதில் பாண்டவர் படுக்கை இருக்கிறது என்று யாராவது சொன்னால், சிரிக்காதீர்கள். வெயில் ஏறும் முன் ஒரு பாட்டில் தண்ணீரோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தனியாகப் போகாமல் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.