தசை வலிமையும் மரபணுவும்

மெய்வல்லுநர் ஒருவரின் தசை வலிமை பயிற்சியினால் கிட்டுவதா, பிறப்போடு வருவதா என்ற கேள்விக்கு, இரண்டுக்கும் பங்குண்டு என்பதே விஞ்ஞானம் அளிக்கும் விடையாகும். இதற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம் ஏ.சி.ரி.என்.3 என்னும் மரபணு ஆகும்.

விரைவாகச் சுருங்கும் தசை நார்களுக்கே உரிய அல்பா அக்டினின் 3 என்ற புரதம் இம்மரபணுவின் வழியாகவே உருவாகின்றது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இதன் செயலிழந்த வடிவத்தைப் பெற்றவர்களிடம் அப்புரதம் அறவே இல்லை. உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் இத்தகையோர். இது நோயன்று, அதனையொத்த வேறொரு புரதம் அப்பணியைப் பெருமளவு ஈடுசெய்கின்றது.

எனினும், 2003 ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், முன்னணிக் குறுந்தூர ஓட்ட வீரர்களிடையே இவ்வகையினர் மிக அரிதாகவே காணப்பட்டனர். இதனையடுத்து, பிள்ளைகளின் மரபணுவைச் சோதித்து உகந்த விளையாட்டைக் கூறுவதாகச் சில நிறுவனங்கள் வணிகம் நடத்தத் தொடங்கின.

இவ்விடயத்தில் நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். தசை வலிமையைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் பல. தனியொன்றின் பங்கு சிறிதே. இப்புரதம் இல்லாத ஸ்பானிய நீளம் பாய்தல் வீரர் ஒருவர் ஒலிம்பிக்கில் இருமுறை பங்குபற்றியமை 2007 இல் ஆய்வேட்டில் பதிவாகியது. திறமைசாலிகளைத் தெரிவுசெய்ய இச்சோதனைகள் உதவா என 2015 இல் துறைசார் நிபுணர்கள் கூட்டாக அறிவித்தனர். ஆகவே, ஒரு துளி உமிழ்நீரை நம்பி எந்தப் பிள்ளைக்கும் மைதானத்தின் வாயிலை நாம் மூடிவிடலாகாது.