பெயரை மாற்றிக்கொண்டவர்கள்

நம்மூர்ப் பெரியவர்களிடம் 'ரெனோன்சான்' என்றால் விளக்கம் தேவையில்லை. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் ஏதோ பேக்கரிப் பண்டம் என்று நினைக்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஒரு பையன் கேட்டான்: "ஏன் தாத்தா, அவங்க எல்லாம் நம்ம ஆளுங்கதானே, பேரு மட்டும் ஏன் வெள்ளைக்காரன் பேரா இருக்கு?" பந்தி நேரத்தில் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் பாயசம் வருவதற்குள் முடிகிற கதை அல்ல.

1819-இல் பிரெஞ்சு அரசு இங்குள்ள மக்களுக்கு ஒரு வாக்குறுதி கொடுத்தது. கல்யாணம், சொத்து, வாரிசு விஷயங்களில் அவரவர் சாதி வழக்கப்படியும் மத வழக்கப்படியும்தான் தீர்ப்பு என்பது அது. இந்த ஏற்பாட்டில் பலருக்கு நிம்மதி. ஆனால் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து வெளியே வந்த ஒரு கூட்டத்துக்கு இதுவே தளையாகப் பட்டது. படிப்பு பாரீஸ்காரன் படிப்பு, மரியாதை மட்டும் வேறா என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வி முதலில் ஒரு ஜோடி செருப்பில் வெடித்தது. 1873-இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் அணியும் காலணியோடு நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி தடுத்தார், தண்டனையும் விதித்தார். பிள்ளை விடவில்லை. பாரீஸில் உள்ள உச்ச நீதிமன்றம் வரை போய் வென்று வந்தார். கப்பலில் கடிதம் போய் வரவே மாதக்கணக்கில் ஆகும் காலத்தில் இதைச் செய்திருக்கிறார்.

1881 செப்டம்பர் 21-இல் வந்த ஆணை அடுத்த கட்டம். 21 வயது நிரம்பிய எந்த ஆணும் பெண்ணும், எந்தச் சாதி, எந்த மதமானாலும், தன் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். துறப்பவர் ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்து எழுத வேண்டும். அவர் மனைவியும் வயது வராத பிள்ளைகளும் அவரோடு சேர்ந்து மாறுவார்கள். எழுதியது எழுதியதுதான், திரும்ப வர வழி கிடையாது. பொன்னுத்தம்பி பிள்ளை தமக்கு எடுத்துக்கொண்ட பெயர் 'லாபோர்த்'. பிரெஞ்சில் அதற்கு வாசல் என்று பொருள். யோசித்துத்தான் வைத்திருப்பார்.

துறந்தவர்களில் கிறிஸ்தவர்களும் தாழ்த்தப்பட்ட மக்களும் அதிகம். சாதி இந்துக்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே போகவில்லை. சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் எதிர்ப்பு கிளம்பியது. இதனால் சாதியும் மதமும் அழியும் என்பது அவர் கட்சி. ஓட்டுரிமை துறக்காதவருக்கும் இருந்தது, எண்ணிக்கையும் அவர்கள் பக்கம்தான். எனவே பல ஆண்டுகள் புதுச்சேரி அரசியல் முதலியார் கையில் இருந்தது. சம உரிமை கொடுத்த சட்டத்தைச் சம உரிமை ஓட்டே மடக்கிப்போட்டது நம்மூரில்தான் நடக்கும்.

அரசியலை விடுங்கள். இந்த ஆணை வீட்டுக்குள் செய்த வேலைதான் பெரிது. இந்து வழக்கப்படி மகன் இருந்தால் மகளுக்குச் சொத்தில் பங்கு கிடையாது, சிவில் சட்டத்தில் சமபங்கு. வழக்கப்படி இரண்டாம் தாரம் கட்டலாம், சிவில் சட்டத்தில் கூடாது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் ஒரு சட்டத்திலும் தம்பி வேறொரு சட்டத்திலும், ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்ந்தார்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. என் தாத்தாவின் தம்பி. தாத்தா நாலு எழுத்தோடு நிறுத்திவிட்டு வில்லியனூர்ப் பக்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். சின்னத் தாத்தா பிரெஞ்சில் 'பிரவே' வரை தேறினார். முதல் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னால் துறந்து, ஒரு பூவின் பிரெஞ்சுப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டு, சைகோனில் சுங்க இலாகா வேலைக்குப் போனார். அன்று இந்தோசீனாவில் துறந்தவர்களுக்கு நல்ல உத்தியோகம் கிடைத்தது, ஐரோப்பியர் சம்பளமே கேட்டு வாதாடினார்கள். நம்மூர் மாடி வீடுகள் பலவற்றில் சைகோன் பணம் இருக்கிறது.

அவர் மதம் மாறவில்லை. சட்டம் அதைக் கேட்கவும் இல்லை. சைகோனிலும் திருநீறு பூசிக்கொண்டுதான் ஆபீசுக்குப் போனாராம். ஆனால் ஊர் அதை நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவனும் தாய்க்கு இளையவனும் கொள்ளி வைப்பது வழக்கம். கொள்ளுப்பாட்டி இறந்தபோது சின்னத் தாத்தா விடுப்பில் ஊரில்தான் இருந்தார். "அப்பன் பேரை விட்டவன் கொள்ளி வைக்கலாமா?" என்று பங்காளிகள் தடுத்துவிட்டார்கள். தாத்தாவே தாய்க்கும் வைத்தார். தம்பி மயானத்தில் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனவர், அதன்பின் பல வருஷம் அந்த வீட்டுப் படியேறவில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் கேட்டு வளர்ந்த என் அப்பா, தம் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் சேர்த்தார். வேறு வழி? உத்தியோகத்துக்கு அதுதான் பாதை. அவரே 'மேரி'யில் பிரெஞ்சில் எழுதிப் பிழைத்தவர், ஆனால் இணைப்புக்காக ஊர்வலம் போனவர். இரண்டும் அவருக்கு முரணாகத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நாங்கள் லுவார் நதி எங்கே பிறந்து எங்கே கடலில் சேர்கிறது என்று ஒப்பிப்போம். சங்கராபரணி எங்கே பிறக்கிறது என்று யாரும் கேட்டதில்லை, அதில் குளித்ததோடு சரி.

1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அன்று முதல் இங்கேயே பிறந்து இங்கேயே இருந்தவர்கள் இந்தியர்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 3.5 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களில் ஏறக்குறைய 5,000 பேர்தான் எழுதிக் கொடுத்தார்கள். 18 வயதுக்குக் கீழே கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்குத் தகப்பன் முடிவே முடிவு.

எனக்கு அப்போது 12 வயது, அப்பாவோடு இந்தியனானேன். அண்ணனுக்கு 19. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் போய் எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான்: "இத்தனை வருஷம் பிரெஞ்சில் படிச்சுட்டு இங்கே என்ன வேலைக்குப் போவேன்?" அப்பா பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அண்ணனிடம் நேராகப் பேசவும் இல்லை. அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினார்.

அண்ணனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. கடிதம் பிரெஞ்சில் வரும். அம்மாவுக்கு அது தெரியாது, அப்பா தொட மாட்டார். எனவே படித்துச் சொல்வது என் வேலை. நான் கூடத்தில் அம்மாவுக்குத் தமிழில் சொல்லச் சொல்ல, அப்பா திண்ணையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். கடிதம் வந்த அன்று மட்டும் சாயங்கால நடை கிடையாது.

பிரெஞ்சில் பெரியவர்களுக்கு 'வூ', நெருங்கியவர்களுக்கு 'த்யூ'. முதல் வருஷக் கடிதங்களில் அண்ணன் அப்பாவுக்கு 'வூ' என்றே எழுதினார். மூன்றாம் வருஷம் 'த்யூ' வந்துவிட்டது. அங்கே பிள்ளைகள் அப்பாவை அப்படித்தான் அழைப்பார்கள், அது பாசம். ஆனால் தமிழில் அது 'நீ'. எங்கள் வீட்டில் அப்பாவை 'நீ' என்று சொன்னவர் யாருமில்லை. நான் 'நீங்கள்' என்றே மாற்றிச் சொன்னேன், கடைசிக் கடிதம் வரைக்கும். அப்பாவுக்கு என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு தெரியும். நான் உள்ளே போனபின் மேஜைமேல் கிடக்கும் கடிதத்தை அவர் எடுத்துப் பார்த்தாரா என்று நான் கேட்டதில்லை.

நானோ பள்ளியை விட்டபின் இங்கிலீஷைப் புதிதாகக் கற்று, தட்டச்சு பழகி, அரசாங்கக் குமாஸ்தாவானேன். பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர் பலருக்கும் இதே கதைதான். ஒரு வகுப்பில் இருந்த 30 பேரில் பாதிப் பேர் இன்று எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றே தெரியாது.

ரெனோன்சான் சட்டம் இன்னும் செத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1963-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை நம்மூருக்கு நீட்டித்தபோது, ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று தனியாக எழுதினார்கள். இந்தியக் குடிமக்களாகவே இருக்கும் அவர்கள் வாரிசுகளுக்குச் சொத்து விஷயத்தில் பிரெஞ்சு சிவில் சட்டம்தான். பத்திர எழுத்தர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அப்பாவும் அம்மாவும் போனபின் பழைய வீட்டை விற்க வேண்டி வந்தது. அதற்குள் மகளுக்கும் சமபங்கு என்பது எங்களுக்கும் சட்டமாகிவிட்டது. சட்டம் இருந்தென்ன, அக்கா விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றுதான் உறவினர் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அக்காவும் பேனாவை எடுக்கத் தயாராகத்தான் இருந்தார். பிரான்ஸிலிருந்து அண்ணன் கடிதம் வந்தது. மூன்று சமபங்கு இல்லையென்றால் தம் பங்குக்கான அதிகாரப் பத்திரத்தை அனுப்ப மாட்டேன் என்று எழுதியிருந்தார். "அவன் பிரெஞ்சுக்காரன், நம்ம வழக்கம் அவனுக்கு என்ன தெரியும்?" என்றார் ஒரு மாமா. கொள்ளி வைக்க விடாத பங்காளிகளின் குரல்தான் எனக்குக் கேட்டது.

மூன்றாகத்தான் பிரித்தோம். அக்கா அந்தப் பணத்தில் முத்தியால்பேட்டையில் ஒரு மனை வாங்கினார்.