அறிவுசார் சொத்துரிமைச் சட்டப் பயிற்சி (திருப்பூர் வட்டாரம்)

வாணிகக் குறி, வடிவமைப்பு, பதிப்புரிமை முதலியன பற்றிய சட்டங்களைச் சட்ட மாணாக்கர் நூலளவில் நில்லாது, வழக்கறிஞர் அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் அமர்ந்து பிரயோக அநுபவமாகக் கற்பது இப்பயிற்சி. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள், ஐந்தாண்டுப் படிப்பினர் 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பினர் 12 வாரமும் சட்டப் பயிற்சி பெற வேண்டுமென விதிக்கின்றன.

பனியன் தொழிலால் வளர்ந்த திருப்பூர் இக்கல்விக்கு விசேஷமான களமாகும். பதிவு செய்யத்தக்கதாயிருந்தும் பதிவு செய்யாது விடப்பட்ட வடிவமைப்பு, உரிமையாளராலோ அவர் அநுமதியாலோ இயந்திர முறையில் 50 முறைக்கு மேல் பொருளில் பிரதி செய்யப்பட்டவுடன் அதன் பதிப்புரிமை அற்றுப்போகும் என்னும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஆயிரக்கணக்கில் அச்சாகும் ஆடைச் சித்திரங்களிடையே எத்துணைக் கடுமையாகப் பாய்கிறது என்பதை அச்சுக்கூடத்தைக் கண்ணாரக் கண்டவனே முற்ற உணர்வான். ஏற்றுமதிக்கான ஆடையில் இங்கே குறியிடுவதும் குறியின் உபயோகமாகவே கருதப்படும் என்னும் 1999ஆம் ஆண்டு வாணிகக் குறிச் சட்டத்தின் 56ஆம் பிரிவும், அந்நிய நாட்டாரின் குறிகளை நாள்தோறும் தைக்கும் இவ்வூருக்கு மிகவும் இன்றியமையாதது.

ஆடைகளுக்குரிய 25ஆம் வகுப்பில் ஒத்த குறிகளைத் தேடுதல், உபயோகத்தை நிரூபிக்கப் பழைய விற்பனைப் பட்டியல்களைத் திரட்டிப் பிரமாணப் பத்திரம் வரைதல் ஆகியவை மாணாக்கரின் முதற்பணிகள். இவற்றுள் பட்டியல் திரட்டுதலே சிறந்த ஆசான் எனலாம். வாணிகக் குறி, புவிசார் குறியீடு ஆகியவற்றின் பதிவகங்கள் சென்னை கிண்டியில் உள்ளன. சென்னை உயர்நீதிமன்றத்தில் இத்துறைக்கெனத் தனிப்பிரிவும் உண்டு.